நாயின் பாவம் யாரைச் சேரும்?

பெங்களூர் அரசு அருங்காட்சியகத்தில் ஒரு நடுகல் இருக்கிறது. மண்டியா பக்கத்து ஆதகூரில் கிடைத்த கல், காலம் கி.பி. 949-50. தக்கோலத்தில் சோழ இளவரசன் இராசாதித்தன் வீழ்ந்த செய்தி அதில் இருப்பதால், தமிழக வரலாறு படித்தவர்களுக்கும் அது பழக்கமான கல்தான். ஆனால் அதை நட்டது இளவரசனுக்காக இல்லை, போரில் மாண்ட வேறு எந்த வீரனுக்காகவும் இல்லை. ஒரு நாய்க்காக. தக்கோலப் போரில் தீரத்தோடு சண்டையிட்ட மணலேரன் என்பவனுக்குப் பரிசு கொடுக்க முன்வந்தான் கங்க மன்னன் பூதுகன். மணலேரன் ஊர் கேட்கவில்லை, பொன் கேட்கவில்லை. 'காளி' என்ற வேட்டைநாயைக் கேட்டு வாங்கிக்கொண்டான். பிறகொரு நாள் அந்த நாயைப் பெரிய காட்டுப்பன்றி ஒன்றின் மேல் ஏவினார்கள். இரண்டும் மோதி இரண்டும் செத்தன. மோதும் கோலத்திலேயே இரண்டையும் கல்லில் செதுக்கி, பூசைக்கு நிலமும் விட்டார்கள்.

கல்வெட்டின் முடிவில் ஒரு எச்சரிக்கை வருகிறது. அந்த நிலத்தைப் பார்த்துக்கொள்ளும் பூசாரி கல்லுக்குப் பூசை செய்யாமல் சாப்பிட்டால், நாய் செய்த பாவம் அவனைச் சேருமாம். கோயில் கல்வெட்டுகளில் பசுவைக் கொன்ற பாவம், கங்கைக்கரையில் செய்த பாவம் என்று சாபங்கள் வருவது வழக்கம். நாயின் பாவம் என்பது புதிது. அந்த நாய் என்ன பாவம் செய்தது? ஏவியபோது ஓடியது, பிடி என்றபோது பிடித்தது, கடைசியில் குடல் கிழிந்து செத்தது. அதற்கும் ஒரு பாவக்கணக்கு உண்டென்றால், அதை எழுத வேண்டியது யார் பெயரில்?

ஆயிரம் ஆண்டுகள் கழிந்தும் இந்தக் கேள்வி பழசாகவில்லை. நாய்களை விட்டுக் காட்டுப்பன்றியைப் பிடிக்கும் வேட்டை இன்றும் அமெரிக்கத் தென்மாநிலங்களிலும், ஆஸ்திரேலியாவிலும், நியூசிலாந்திலும் சட்டத்துக்கு உட்பட்டே நடக்கிறது. அதிலும் டெக்ஸஸ் மாநிலத்தில் பன்றிக்குப் பருவத்தடை கிடையாது, எண்ணிக்கை வரம்பு கிடையாது, இரவு பகல் பேதம் கிடையாது. 2019 செப்டம்பரிலிருந்து, நிலத்துக்காரர் சம்மதித்தால் தனியார் நிலத்தில் பன்றியைக் கொல்ல வேட்டை உரிமம்கூட வேண்டாம். இவ்வளவு தளர்வு ஏன் என்பதைப் புரிந்துகொள்ளாமல் அந்த வேட்டையின் நியாய அநியாயம் பேச முடியாது.

அமெரிக்கக் கண்டங்களுக்குப் பன்றி சொந்தமில்லை. கப்பலில் வந்தது. 1539இல் ஃபுளோரிடாவில் இறங்கிய ஸ்பானியத் தளபதி எர்னாண்டோ டி சோட்டோ, படைக்கு உணவாக நடமாடும் பன்றிக்கூட்டம் ஒன்றை ஓட்டிக்கொண்டே போனார். தப்பியவை காட்டில் தங்கின. பின்னால் குடியேறியவர்கள் வீட்டுப்பன்றிகளைக் காட்டில் மேயவிட்டார்கள். அவற்றிலும் பல திரும்பவில்லை. 1930களில் டெக்ஸஸின் பண்ணைக்காரர்களும் வேட்டைப் பிரியர்களும் ஐரோப்பியக் காட்டுப்பன்றியையே வரவழைத்து விட்டார்கள், சுடுவதற்கு நல்ல விலங்காக இருக்கும் என்று. இந்த மூன்றும் கலந்த வம்சம்தான் இன்றைய பன்றி. டெக்ஸஸில் மட்டும் 26 லட்சம் இருக்கலாம் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. நாடு முழுவதும் 60 லட்சத்துக்கு மேல். பெண் பன்றி ஒரு வயது நிறைவதற்குள் சினைப்படும். 115 நாளில் நாலைந்து குட்டி, சில சமயம் பத்துக்கும் மேல்.

அவை செய்யும் சேதம் கற்பனையில்லை. பகலில் மக்காச்சோளம் விதைத்துவிட்டுப் போன விவசாயி மறுநாள் காலை வந்து பார்த்தால், சால் நெடுகிலும் மூக்கால் உழுத தடம் இருக்கும். விதைக் கருவி எங்கெங்கே விதையை இறக்கியதோ அங்கங்கே நூல் பிடித்ததுபோலத் தோண்டித் தின்றிருக்கும். நிலக்கடலைக் காட்டில் இறங்கினால் போர்க்களம்தான். தரையில் கூடுகட்டும் பறவைகளின் முட்டை, கடற்கரையில் ஆமை புதைத்த முட்டை எதுவும் தப்பாது. நாடு முழுவதும் ஆண்டுக்கு ஏறக்குறைய 250 கோடி டாலர் இழப்பு என்று அமெரிக்க வேளாண்துறை கணக்கிடுகிறது.

இந்தப் பின்னணியில்தான் நாய் வருகிறது. வேட்டைக்காரர்கள் நாய்களை இரண்டு வகையாகப் பிரித்துப் பேசுகிறார்கள். ஒன்று 'பே டாக்': மோப்பம் பிடித்து, பன்றியைத் துரத்தி, ஓரிடத்தில் மறித்து, தொடாமல் குரைத்து நிறுத்தி வைக்கும் நாய். லூசியானா மாநிலத்தின் அடையாள நாயான கேட்டஹூலா இந்த வேலைக்குப் பேர்போனது. மற்றது 'கேட்ச் டாக்': பாய்ந்து கவ்விப் பிடிக்கும் நாய். புல்டாக், பிட்புல் ரத்தம் கலந்தவை இதற்குப் பயன்படுகின்றன. மறிப்பவனுக்கு மூளை வேண்டும், கவ்வுபவனுக்குத் தாடை வேண்டும் என்பதுதான் இந்தப் பிரிவினையின் சாரம்.

ஒரு வேட்டை இரவு பெரும்பாலும் இப்படிப் போகும். பிக்கப் வண்டியின் பின்னால் நாய்ப்பெட்டி. ஓடைக்கரைப் புதர் ஓரமாக வண்டியை நிறுத்தி, மறிக்கும் நாய்களை அவிழ்த்துவிடுகிறார்கள். ஒவ்வொன்றின் கழுத்திலும் ஜிபிஎஸ் பட்டை. கையிலிருக்கும் சின்னத் திரையில் நாலு புள்ளிகள் நகர்கின்றன, பிரிகின்றன, ஓரிடத்தில் வந்து குவிகின்றன. தூரத்தில் குரைப்பின் தொனி மாறுகிறது: ஓடும்போது விட்டுவிட்டுக் கேட்ட சத்தம் இப்போது ஒரே தாளத்தில், ஒரே இடத்திலிருந்து கேட்கிறது. மனிதர்கள் முள்ளை விலக்கிக்கொண்டு நடக்கிறார்கள். கவ்வும் நாய் மட்டும் இன்னும் கயிற்றில். அதன் மார்பிலும் விலாவிலும் கெவ்லார் கவசம், கழுத்தில் அகலமான பட்டை. பன்றியின் கோரைப்பல் முதலில் தேடுவது அந்த இடங்களைத்தான். கொஞ்ச தூரம் இருக்கும்போது கயிறு விடுபடுகிறது. குரைப்பு நின்று, பன்றியின் அலறல் கேட்கிறது. நாய் காதைக் கவ்வித் தொங்குகிறது. ஒருவர் பின்புறமாக ஓடிப் பின்னங்கால்களைத் தூக்கிப் புரட்டுகிறார். இன்னொருவர் முன்னங்காலுக்குப் பின்னால், இதயத்துக்கு நேராகக் கத்தியை இறக்குகிறார். சரியாக இறங்கினால் சீக்கிரம் முடிந்துவிடும்.

அதன்பிறகும் நாய் விடுவதில்லை. செத்த பன்றியின் காது அதன் வாயிலேயே இருக்கிறது. தாடைக்குள் ஆப்புபோல ஒரு கட்டையைச் செருகித் திருப்பித்தான் பிரிக்க வேண்டும். அதற்கென்றே ஒரு கட்டை இடுப்பில் இருக்கும். பிறகு டார்ச் வெளிச்சத்தில் நாயின் தொடை, அக்குள், கழுத்து எல்லாம் தடவிப் பார்க்கிறார்கள். கிழிந்திருந்தால் அங்கேயே கழுவித் தையல். சில நாய்கள் வீடு வருவதில்லை.

இந்தக் காட்சியைப் படித்ததும் முகம் சுளிப்பது எளிது. சுளிப்பு ஒரு வாதமாகாது. கசாப்புக் கடையின் பின்கட்டைப் பார்த்தாலும் முகம் சுளிக்கும். அதனால் மட்டும் அது தவறென்று ஆகிவிடாது. மூன்று கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்க வேண்டியிருக்கிறது. பன்றியைக் கொல்லலாமா? கொல்லலாம் என்றால் இப்படிக் கொல்லலாமா? இதில் நாயை ஈடுபடுத்தலாமா? மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுவதில்தான் இரு தரப்பும் வசதி காண்கின்றன. பன்றியால் வரும் சேதத்தைச் சொல்லி, மூன்றுக்கும் ஒரே 'ஆம்' வாங்கிவிடப் பார்க்கிறார் வேட்டைக்காரர். நாயின் ரத்தத்தைக் காட்டி மூன்றுக்கும் ஒரே 'இல்லை' சொல்லிவிடுகிறார் எதிர்ப்பவர்.

முதல் கேள்விக்கு கலிஃபோர்னியாவின் சாண்டா குரூஸ் தீவு ஒரு பதில் சொல்கிறது. அந்தத் தீவில் மட்டுமே வாழும் குள்ளநரித் துணையினம் ஒன்று இருக்கிறது, வீட்டுப்பூனை அளவுதான். மனிதர் கொண்டுவந்த பன்றி அங்கே காட்டுப்பன்றியானது. பன்றிக்குட்டிகள் எளிதான இரையாக இருந்ததால் பொன்னிறக் கழுகுகள் தீவில் வந்து தங்கின. மீன் தின்னும் வெண்தலைக் கழுகுகள் டிடிடி நஞ்சால் அங்கே முன்பே அழிந்துவிட்டதால் பொன்னிறக் கழுகுகளை விரட்ட ஆளில்லை. வந்த கழுகுகள் பன்றிக்குட்டியோடு நிற்காமல் குள்ளநரியையும் தூக்கின. ஆயிரத்துக்கு மேல் இருந்த நரிகள் சில ஆண்டுகளில் நூறுக்கும் கீழே சரிந்தன. 2005 வசந்தத்தில் தொடங்கி, கண்ணிக் கூண்டு, ஹெலிகாப்டர், நாயோடு சென்ற வேட்டையாட்கள் என எல்லா வழியையும் கையாண்டு, ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பன்றிகளைக் கொன்று தீவைப் பன்றியற்றதாக்கினார்கள். பொன்னிறக் கழுகுகளைப் பிடித்து அப்புறப்படுத்தினார்கள். 2016இல் அந்த நரி, அழியும் உயிரினப் பட்டியலிலிருந்து நீங்கியது.

உயிர்க்கொலையே கூடாது என்ற நிலையில் உறுதியாக நிற்பவர்கள் உண்டு. கொல்லாமைக்கென்று தனி அதிகாரம் வகுத்த குறளைக் கொண்ட மொழியில் அந்த நிலையை லேசாகத் தள்ள முடியாது. ஆனால் சாண்டா குரூஸில் பன்றியைக் கொல்லாமல் விட்டிருந்தாலும் சாவு நடந்துகொண்டுதான் இருந்திருக்கும், நரியின் சாவு. கை கட்டி நிற்பதும் ஒரு தேர்வுதான், அதற்கும் பலி உண்டு. ஆகவே சில இடங்களில் பன்றியைக் கொல்வதற்கு நியாயம் இருக்கிறது என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஆனால் எந்த வகை நியாயம் அது? இங்கேதான் பேச்சு வழுக்குகிறது. டெக்ஸஸ் வேட்டைப் பேச்சில் பன்றி 'படையெடுத்து வந்த விலங்கு', 'அழிக்க வந்த சனியன்'. வார்த்தையில் ஒரு குற்றச்சாட்டு ஒளிந்திருக்கிறது. பன்றி படையெடுக்கவில்லை. அதைக் கப்பலில் ஏற்றியவன் மனிதன், மேயவிட்டவன் மனிதன், சுடுவதற்காகவே வாங்கி வந்து விட்டவனும் மனிதன். பன்றி செய்ததெல்லாம் தின்றது, குட்டி போட்டது. அதைக் கொல்வது மனிதன் தன் தவறைத் திருத்திக்கொள்ளும் வேலையாக இருக்கலாம், பன்றிக்குத் தரும் தண்டனையாக இருக்க முடியாது. இந்த வேறுபாடு வெறும் வார்த்தை விளையாட்டில்லை. தண்டனை என்றால் வலி அதன் பகுதியாகிவிடும். 'அதற்கு வேண்டியதுதான்' என்று சொல்லத் தோன்றும். திருத்தம் என்றால் ஒவ்வொரு துளி வலியும் கணக்குக் காட்ட வேண்டிய செலவு. தவிர்க்கக்கூடிய வலி முழுவதையும் தவிர்க்கும் கடமை திருத்துபவனுக்கு உண்டு.

இரண்டாவது கேள்வி அதிலிருந்து வருகிறது. நாய் வேட்டைதான் இருப்பதிலேயே கொடூரமா? நேர்மையாகப் பார்த்தால் அப்படிச் சொல்ல முடியாது. 2017இல் வார்ஃபரின் கலந்த பன்றி நஞ்சை டெக்ஸஸ் வேளாண் ஆணையர் அறிமுகப்படுத்த முயன்றார். எலிமருந்தில் உள்ள அதே பொருள். உடம்புக்குள்ளேயே ரத்தம் கசிந்து நாட்கணக்கில் சாகும் சாவு அது. அன்று எதிர்த்தவர்களில் பன்றி வேட்டைக்காரர்களும் இருந்தார்கள். ஹெலிகாப்டரிலிருந்து சுடுவது 2011 சட்டத்துக்குப் பிறகு காசு கட்டிச் சுடும் பொழுதுபோக்காகவே ஆகிவிட்டது. குறி தவறிய குண்டோடு புதருக்குள் ஓடி மறைந்த பன்றி எவ்வளவு நேரம் துடித்தது என்று யாரும் இறங்கிப் பார்ப்பதில்லை. கூண்டில் சிக்கிய பன்றி விடியும்வரை கம்பிவலையில் மூக்கை மோதிக் கிழித்துக்கொள்ளும். நாய் பிடித்து, அனுபவமுள்ள கை கத்தியை இறக்கினால், கடைசி நிமிடம் இவற்றைவிடக் குறுகியதாகக்கூட இருக்கலாம். நாய் வேட்டைக்காரர்கள் இதைச் சொல்லும்போது பொய் சொல்லவில்லை.

அவர்கள் சொல்லாமல் விடுவது அதற்கு முந்தைய நிமிடங்களை. துரத்தல், மறிப்பு, சுற்றி நின்று குரைக்கும் நாய்கள், பிறகு காதிலும் முகத்திலும் பதியும் பல். கத்தி குறுகியது, பிடி நீண்டது. துரத்தப்படும் அச்சத்தைப் பன்றி உணர்வதில்லை என்று அந்த அலறலைக் கேட்டவர் எவரும் சொல்லமாட்டார். கூண்டின் இரவும் அச்சம்தான் என்றாலும், கூண்டு ஒரே வீச்சில் தாயும் குட்டிகளுமாக ஒரு கூட்டம் முழுவதையும் பிடித்துவிடும். நாய்கள் மறிப்பது பெரும்பாலும் ஒன்றையோ இரண்டையோ. மற்றவை சிதறி அடுத்த காட்டுக்குப் போய்விடும். சிதறியவை மிரண்டு, அடுத்த தடவை கூண்டுப் பக்கமே வராது. இந்தக் காரணத்துக்காகவே மிசூரி மாநிலம் 2016இல் தன் வனப் பாதுகாப்புத் துறை நிலங்களில் பன்றி வேட்டையைத் தடை செய்தது. பன்றியைக் காப்பாற்ற இல்லை, பன்றியை ஒழிக்க.

பன்றியின் எண்ணிக்கை ஏறாமல் நிற்கவே ஆண்டுக்கு மூன்றில் இரண்டு பங்கைக் கொல்ல வேண்டும் என்கிறார்கள் டெக்ஸஸ் ஆய்வாளர்கள். வாரக்கடைசியில் நாலு நாயோடு போய் ஒரு பன்றியைக் கொண்டுவருவது அந்தக் கணக்கின் பக்கத்தில்கூட வராது. அப்படியானால் 'சேதத்தைத் தடுக்கத்தான் இந்த வேட்டை' என்ற வாதம் எவ்வளவு தாங்கும்?

டென்னஸி மாநிலத்தின் அனுபவம் இதற்கு இன்னும் கூர்மையான விடை வைத்திருக்கிறது. பன்றியைக் குறைக்கலாம் என்று எண்ணி 1999இல் மாநிலம் முழுவதும் வரம்பில்லாத வேட்டைக்கு அனுமதி கொடுத்தார்கள். பன்றி குறையவில்லை. அதுவரை பன்றியே இல்லாத மாவட்டங்களில், ஒன்றோடொன்று தொடர்பில்லாத இடங்களில், திடீர் திடீரென்று பன்றிகள் தென்பட்டன. அவை நடந்து வந்தவை அல்ல. பக்கத்திலேயே வேட்டை கிடைக்கட்டும் என்று ஆட்களே வண்டியில் கொண்டுவந்து விட்டவை. 2011இல் அரசு விளையாட்டு வேட்டையை நிறுத்தி, பன்றியை வேட்டை விலங்குப் பட்டியலிலிருந்தே நீக்கியது. ஒரு பொருள் ஒழிய வேண்டும் என்று உண்மையாகவே நினைப்பவன் அதை வளர்த்துவிடமாட்டான்.

இதிலிருந்து ஒரு உரைகல் கிடைக்கிறது. பன்றியைக் கொல்லப் புறப்படும் ஒருவரிடம் கேட்கலாம்: 'நாளை காலை இந்தக் காட்டில் ஒரு பன்றிகூட இல்லை என்றால் உங்களுக்கு நிம்மதியா, ஏமாற்றமா?' கடலைக்காட்டுக்காரர் நிம்மதி என்பார். தீவின் குள்ளநரியைக் காத்தவர்கள் வேலை முடிந்தது என்று மூட்டை கட்டிக் கிளம்பினார்கள். ஏமாற்றம் என்று மனசாட்சி சொன்னால், அங்கே நடப்பது பயிர்க்காவல் இல்லை. பயிர்க்காவல் என்ற சட்டை போட்டுக்கொண்ட வேறொன்று.

அந்த வேறொன்றையும் கேலியாகத் தள்ளிவிடக் கூடாது. அதில் காட்டைப் படிக்கும் திறமை இருக்கிறது, தகப்பன் மகனுக்குச் சொல்லிக்கொடுத்த வழிகள் இருக்கின்றன, பிள்ளைபோல வளர்த்த நாயின் மேல் வைத்த பெருமை இருக்கிறது, கொன்றதைத் தின்னும் நேர்மையும் பல வீடுகளில் இருக்கிறது. லூசியானாவின் வின்ஃபீல்டு ஊரில் 1995 முதல் நடந்த 'அங்கிள் ஏர்ல்' போட்டியில், வேலியடைத்த திடலில் பன்றியைப் பல்லைப் பதிக்காமல் குரைத்து நிறுத்தும் நாயின் திறமைக்கு மதிப்பெண் போடுவார்கள். அதே மாநிலம் 2004இல், வேலிக்குள் பன்றியை நாய் கவ்விக் குதறும் சண்டைக் காட்சிகளைக் குற்றமாக்கியது. இந்தக் குரைப்புப் போட்டியை மட்டும் விலக்கி வைத்தது. பன்றி தப்ப வழியில்லாத திடலில் பல் பதிவதைப் பார்த்துக் கைதட்டுவது தவறு என்று அந்த மாநிலத்து மக்களே முடிவெடுத்திருக்கிறார்கள். முள் புதருக்குள் நாலு நாய் மறித்து நிற்கும்போது பன்றிக்குத் தப்ப வழி எங்கே இருக்கிறது என்ற அடுத்த கேள்வியை மட்டும் கேட்காமல் விட்டுவிட்டார்கள்.

மூன்றாவது கேள்விதான் ஆதகூர்க் கல்லின் கேள்வி. நாயை இதில் இறக்கலாமா?

'நாய்க்கு அதுதான் சந்தோஷம்' என்பது வழக்கமான பதில். வண்டிச் சத்தம் கேட்டதும் பெட்டிக்குள் தானே தாவி ஏறும் நாயைப் பார்த்தவர்கள் அதை மறுக்க முடியாது. ஆனால் அந்தச் சந்தோஷம் எங்கிருந்து வந்தது? அர்ஜென்டினாவின் கோர்டோபா நகரத்து மருத்துவர் அந்தோனியோ நோரெஸ் மார்டினெஸ் 1920களில், சண்டை நாயை அடித்தளமாக வைத்து, பல இனங்களைக் கலந்து 'டோகோ அர்ஜென்டினோ' என்ற இனத்தையே உருவாக்கினார். காட்டுப்பன்றியைக் கவ்வினால் விடக்கூடாது என்பது அதன் வடிவமைப்பு. வலித்தாலும் விடாத நாயைத் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கியெடுத்து இனம் சேர்த்துவிட்டு, பிறகு 'அதுவே விரும்பித்தான் போகிறது' என்பது, பூட்டியவனே சாவியைக் கையில் வைத்துக்கொண்டு 'அவன் வெளியே வர விரும்பவில்லை' என்பதைப் போன்றது. ஆசை நாயுடையதாக இருக்கலாம். ஆசையை ஊட்டியது மனிதன். கோரைப்பல் குடலைக் கிழிக்கும் என்பது நாய்க்குத் தெரியாது, கவசம் மாட்டிவிடும் கைக்குத் தெரியும்.

கிழியாமல் திரும்பும் நாய்க்கும் ஆபத்து முடிவதில்லை. காட்டுப்பன்றிகளிடம் 'சூடோரேபிஸ்' என்ற வைரஸ் பரவலாக இருக்கிறது. பன்றிக்குப் பெரும்பாலும் பெரிதாக ஒன்றும் செய்யாத அந்த நோய், கடிபட்ட பன்றியின் ரத்தம் வழியாகவோ பச்சை இறைச்சி வழியாகவோ நாயைத் தொற்றினால், அந்த நாய் தாங்க முடியாத நமைச்சலில் முகத்தைத் தானே பிறாண்டிக் கிழித்துக்கொண்டு இரண்டு மூன்று நாளில் செத்துப்போகும். மருந்து இல்லை. பன்றியைத் தாக்கும் புருசெல்லா கிருமியோ நாயோடு நிற்காமல், பன்றியை அறுப்பவர் வரைக்கும் வரும்.

காவல் நாயும், ஆட்டுப்பட்டி நாயும் ஆபத்தைச் சந்திப்பதில்லையா என்று கேட்கலாம். சந்திக்கின்றன. திருவண்ணாமலைப் பக்கத்து எடுத்தனூர் நடுகல்லில் கள்ளர்களைக் கடித்த கோவிவன் என்ற நாயும் இடம்பெற்றிருக்கிறது. ஆனால் கள்ளன் தேடி வந்தான், நாய் காத்தது. காளி தேடிப் போகுமாறு ஏவப்பட்டது. ஆபத்து வாசலுக்கு வருவதும், நாம் ஆபத்தின் வாசலுக்கு நாயை அனுப்புவதும் ஒன்றாகா.

அப்படியானால் நாய்க்கு இதில் இடமே இல்லையா? சாண்டா குரூஸில் கூண்டுக்கும் ஹெலிகாப்டருக்கும் தப்பிய பன்றிகளைத் தேட நாயின் மோப்பம் உதவியது. இங்கிலாந்தின் 2004 வேட்டைச் சட்டம் நாய்களைக் கொண்டு காட்டுவிலங்கை வேட்டையாடுவதைத் தடுத்தாலும் ஒரு கதவைத் திறந்து வைத்தது: சேதத்தைத் தடுப்பது போன்ற காரணங்களுக்காக, இரண்டுக்கு மேற்படாத நாய்களை விட்டு மறைவிடத்திலிருந்து விலங்கைக் கிளப்பலாம். கிளம்பியதும் தேர்ந்த ஆள் கூடியவரை உடனே சுட்டுக் கொன்றுவிட வேண்டும். அந்தச் சட்டத்தில் ஓட்டைகள் உண்டென்று இரு தரப்புமே திட்டுகிறது. ஆனாலும் அது போட்ட கோடு யோசிக்கத்தக்கது. நாயின் மூக்கை மனிதன் கடன் வாங்கலாம், பல்லைக் கடன் வாங்கக் கூடாது. மூக்கு மனிதனிடம் இல்லாத திறன். பல்லோ, மனிதன் தானே செய்ய வேண்டியதை வேறொருவனைச் செய்யவைக்கும் வழி.

இருட்டில் நாய்கள் சுற்றி நிற்கும்போது துப்பாக்கி நாயைத்தான் கொல்லும், அதனால்தான் கவ்வும் நாயும் கத்தியும் என்று வேட்டைக்காரர்கள் எதிர்வாதம் வைப்பார்கள். உண்மைதான். ஆனால் அதிலிருந்து வரும் முடிவு, அந்த இரவு அந்தப் பன்றியைக் கொல்ல நல்ல வழி இல்லை என்பதுதான். நல்ல வழி இல்லாதபோது கெட்ட வழி நல்லதாகிவிடாது. கூண்டு நாளைக்கும் இருக்கும்.

இன்னொரு எதிர்வாதம் கனமானது. பட்டணத்தில் உட்கார்ந்து நாய் வேட்டையைக் கண்டிப்பவர் காலையில் எதைத் தின்றார்? தொழிற்சாலைப் பண்ணையில் சினைப்பன்றியை ஏறத்தாழ இரண்டடி அகலம், ஏழடி நீளமுள்ள கம்பிச் சட்டத்துக்குள் அடைத்து வைக்கிறார்கள். அது திரும்பிப் படுக்கக்கூட இடம் கிடையாது. அப்படி வளர்த்த பன்றியின் இறைச்சியை விற்கக் கூடாது என்று கலிஃபோர்னியா மக்கள் 2018இல் வாக்களித்தபோது, பன்றி வளர்ப்போர் வழக்குப் போட்டு உச்சநீதிமன்றம் வரை போனார்கள். 2023இல்தான் சட்டம் நிலைத்தது. அந்தக் கம்பிச் சட்டத்துக்குள் கழியும் மாதங்களோடு ஒப்பிட்டால், ஓடையில் புரண்டு, கருவாலிக் கொட்டை தின்று, குட்டிகளோடு திரிந்து, ஒரு கெட்ட இரவில் செத்த காட்டுப்பன்றியின் வாழ்வு எவ்வளவோ மேல். இந்த ஒப்பீடு வேட்டைக்காரரை விடுவிக்காது. ஆனால் கண்டிப்பவரையும் கூண்டில் ஏற்றுகிறது. கண்ணுக்குத் தெரியும் கொடுமையை மட்டும் எதிர்ப்பவர் கொடுமையை எதிர்க்கவில்லை, கண்ணுக்குத் தெரிவதை எதிர்க்கிறார்.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி வேறு உருவத்தில் நிற்கிறது. இங்கே காட்டுப்பன்றி வந்தேறி இல்லை, மண்ணின் விலங்கு. புலிக்கும் சிறுத்தைக்கும் இரை. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வேட்டையாடுவது குற்றம், நாயை விட்டாலும் சரி, கண்ணி வைத்தாலும் சரி. கோம்பை, சிப்பிப்பாறை, ராஜபாளையம் என்று வேட்டைக்குப் பேர்போன நாய்கள் நம்மிடம் இருக்கின்றன என்பதும், வனத்துறை வழக்குகளில் அவ்வப்போது நாயும் கயிறும் வேல்கம்பும் ஒன்றாகப் பிடிபடுகின்றன என்பதும் வேறு சங்கதி. மக்காச்சோளமும் கடலையும் மரவள்ளியும் போட்ட மலையடிவார விவசாயியின் நட்டம் டெக்ஸஸ் விவசாயியின் நட்டத்துக்குக் குறைந்ததில்லை, தாங்கும் சக்திதான் குறைவு. அந்த ஆற்றாமையில் சிலர் வைக்கும் அவுட்டுக்காய் என்ற நாட்டுவெடி பன்றியின் வாயோடு நிற்காமல் யானையின் வாயையும் சிதைக்கிறது. 2025 ஜனவரியில் அரசு ஒரு நடைமுறை அறிவித்தது: காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைத் தொடக் கூடாது, ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம், அதைத் தாண்டினால் வனத்துறையினர் சுடலாம். நடைமுறையில் எவ்வளவு உதவும் என்று விவசாயிகள் கேட்பது நியாயம். ஆனால் வடிவத்தில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. கொல்வது ஒரு வேலையாக, பொறுப்பேற்கும் ஒரு கையில் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. மகிழ்வதற்கு அதில் எதுவும் வைக்கப்படவில்லை.

ஆதகூரில் கல் செதுக்கியவன் பன்றியையும் நாயோடு சேர்த்தே செதுக்கினான். நாய்க்குப் பெயர் உண்டு, பன்றிக்கு இல்லை. ஆனாலும் பூசையில் வைத்த பூ இரண்டின் மேலும்தான் விழுந்திருக்கும். நாயைக் கேட்டு வாங்கியவன், வளர்த்தவன், ஏவியவன், அது செத்தபின் அழுதவன் எல்லாரும் அந்தச் சாவில் பங்காளிகள். கல்வெட்டு அவர்கள் யாரையும் குற்றம் சாட்டவில்லை. மன்னனையும் வீரனையும் கல்லில் குற்றம் சாட்ட முடியாது. ஆனால் எழுதியவனுக்கு ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். பாவம் ஒன்று நடந்திருக்கிறது, அது நாயோடு போய்விடவில்லை, அந்த நிலத்தில் விளைந்ததைத் தின்னும் மனிதனைச் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்று அவனுக்குத் தோன்றியிருக்கிறது. அதனால்தான் சோற்றில் கை வைக்குமுன் கல்லைப் பார் என்றான்.

டெக்ஸஸ் புதருக்குள் தாடையில் கட்டையைச் செருகிப் பிரித்ததும், நாய் வாலை ஆட்டிக்கொண்டு எசமானைப் பார்க்கிறது. சரியாகச் செய்தேனா என்று கேட்பதுபோல. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் கையில் இன்னும் கயிறு இருக்கிறது.